கேஸ் செலுத்திய வயலில் தார் எங்கிருந்து வருகிறது?

கேள்வி இதுதான்: பழைய எண்ணெய் வயலில் கேஸ் செலுத்தினால் கூடுதல் எண்ணெய் கிடைக்கும் என்கிறார்கள். அதே கேஸால் பாறைக்குள் அஸ்பால்ட் படிந்து கிணறு அடைபடும் என்றும் சொல்கிறார்கள். இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்? எண்ணெயில் அஸ்பால்ட் மிகக் குறைவு என்று தெரிந்தால் இந்தப் பயம் தேவையில்லையா?

இரண்டும் உண்மைதான். கடைசிக் கேள்விக்கு என் பதில் கொஞ்சம் விசித்திரமாகப் படும்: குறைவாக இருந்தால்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

முதலில் பெயர். ரோட்டில் போடும் கருப்புச் சரக்கை நாம் தார் என்கிறோம், அஸ்பால்ட் என்பதும் அதைத்தான். அதற்குக் கருமையையும் விறைப்பையும் கொடுக்கும் பகுதிதான் அஸ்பால்டீன். இந்தப் பெயரை 1837இல் வைத்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் பூசிங்கோ. இன்று வரை இதற்கு ஒரு சரியான வேதி வாய்பாடு கிடையாது. கரைதிறனை வைத்துத்தான் அடையாளம் சொல்கிறோம். டொலுவீன், ஹெப்டேன் என்று இரண்டு கரைப்பான் திரவங்கள்: முதலாவதில் கரையும், இரண்டாவதில் கரையாது, அதுதான் அஸ்பால்டீன். தட்டையான வளையங்கள் நடுவில், சிறு சங்கிலிகள் ஓரத்தில், அங்கங்கே கந்தகமும் நைட்ரஜனும், கூடவே கொஞ்சம் வனேடியமும் நிக்கலும். ஒரு மூலக்கூறின் எடை சுமார் 750 என்று இப்போது பெரும்பாலானோர் ஏற்றுக்கொள்கிறார்கள். ஐந்தாறு மூலக்கூறுகள் அடுக்கி வைத்த தோசை மாதிரி ஒட்டிக்கொண்டு 2 நானோமீட்டர் அளவுக் கட்டியாகும். அந்தக் கட்டிகள் சேர்ந்து 5 நானோமீட்டர் கொத்தாகும். நல்ல எண்ணெயில் இந்த அளவோடு நின்று மிதந்துகொண்டிருக்கும். நின்றுவிட்டால் யாருக்கும் தொந்தரவு இல்லை.

இப்போது அந்த விசித்திரமான பதிலுக்கு வருகிறேன். இந்தத் துறையில் எல்லோரும் முதலில் கேள்விப்படும் ஜோடி ஒன்று உண்டு. அல்ஜீரியாவின் சஹாரா பாலைவனத்தில் 1956இல் கண்டுபிடிக்கப்பட்ட ஹாசி மெசாவூத் வயல். அதன் எண்ணெய் மிக லேசானது, அஸ்பால்டீன் எடையில் சுமார் 0.15 சதவீதம்தான். வெனிசுவேலாவில் மரக்கைபோவுக்குப் பக்கத்தில் உள்ள போஸ்கான் வயலின் எண்ணெயில் 17 சதவீதத்துக்கும் மேல். எது அடைபட்டிருக்கும் என்று கேட்டால் யாரும் போஸ்கான் என்றுதான் சொல்வார்கள். நடந்தது நேர்மாறு. ஹாசி மெசாவூத்தில் ட்யூபிங்குக்குள், அதாவது கிணற்றுக்குள் எண்ணெயை மேலே கொண்டுவரும் குழாய்க்குள், கருப்புப் படிவு ஏறி, அதைக் கரைப்பானால் கழுவுவதே தொடர் வேலையானது. 1965இலேயே அதைப் பற்றி விரிவான கட்டுரை வந்துவிட்டது. போஸ்கான் எண்ணெய் கூழ் மாதிரி கனமாக ஓடியதே தவிர, அஸ்பால்டீன் படிந்து அடைத்ததாகப் பெரிய புகார் இல்லை.

ஏன்? கனமான எண்ணெயில் அஸ்பால்டீனைக் கரைத்துவைக்கும் அரோமாட்டிக்குகளும் (வளைய வடிவ மூலக்கூறுகள்) அவற்றோடு சேர்ந்த ரெசின்களும் தாராளமாக இருக்கின்றன. தன் இனத்துக்கு நடுவில் அது நிம்மதியாக இருக்கிறது. லேசான எண்ணெயோ பெரும்பாலும் பாரஃபின், அதாவது சங்கிலி வடிவ மூலக்கூறுகள். அதில் கரைந்த மீத்தேன் வேறு. அந்தக் கரைசலில் 0.15 சதவீதம் கூட விளிம்பில் நிற்கிறது. பால் திரிவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் பாலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்பதா அது திரிவதைத் தீர்மானிக்கிறது? எலுமிச்சைச் சாறு விழுந்ததா இல்லையா என்பதுதான். இங்கே எலுமிச்சை, நாம் செலுத்தும் கேஸ்.

கேஸ் ஏன் எலுமிச்சையாகிறது என்பதற்கு, கேஸே செலுத்தாத கிணற்றில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் போதும். பூமிக்கடியில் எண்ணெய் மிக உயர்ந்த அழுத்தத்தில் இருக்கிறது. மீத்தேன், ஈத்தேன் எல்லாம் அதில் கரைந்திருக்கின்றன. எண்ணெய் கிணற்றை நோக்கி வர வர அழுத்தம் குறைகிறது. குறையும்போது திரவம் விரிகிறது. கனமான பகுதியைவிட லேசான பகுதி அதிகமாக விரிகிறது. அஸ்பால்டீனின் கண்ணுக்கு, எண்ணெயில் மீத்தேன் கூடிவிட்ட மாதிரி. ஒரு கட்டத்தில் தாங்க முடியாமல் அது பிரிய ஆரம்பிக்கிறது. அதைப் பிரிவுத் தொடக்க அழுத்தம் என்று வைத்துக்கொள்வோம். இன்னும் குறைந்தால் கோலி சோடாவைத் திறந்த மாதிரி குமிழி வரும். அது குமிழி அழுத்தம். பிரிவு உச்சத்தில் இருப்பது அந்தக் குமிழி அழுத்தத்தை ஒட்டித்தான். அதற்குக் கீழே போனால் கேஸ் வெளியேறிவிடுகிறது. மிச்ச எண்ணெய் மறுபடி நல்ல கரைப்பானாகிறது, பிரிந்ததில் ஒரு பகுதி மெதுவாகத் திரும்பக் கரைகிறது. கலிபோர்னியாவின் வென்ச்சுரா அவென்யூ வயலில் ஆரம்ப ஆண்டுகளில் தலைவலியாக இருந்த படிவு, கிணற்றடி அழுத்தம் குமிழி அழுத்தத்துக்குக் கீழே இறங்கிய பிறகு தானாகவே ஓய்ந்தது. யாரும் மருந்து கொடுக்கவில்லை.

ஆக, அஸ்பால்டீனுக்குப் பிடிக்காதது கரைந்த நிலையில் இருக்கும் லேசான கேஸ். அதையே நாம் கம்ப்ரெஸர் வைத்து, காசு செலவழித்து உள்ளே தள்ளுகிறோம்.

நோக்கம் நல்லதுதான். கேஸ் எண்ணெயில் கரைந்தால் எண்ணெய் உப்புகிறது, பிசுபிசுப்பு குறைகிறது. அழுத்தம் போதுமானதாக இருந்தால் கேஸும் எண்ணெயும் ஒன்றோடொன்று முழுக்கக் கலந்து, பாறையின் துளைகளில் ஒட்டிக்கிடக்கும் மிச்சத்தையும் கழுவிக்கொண்டு வருகிறது. ஆனால் சுத்திகரிப்பு ஆலையைப் பார்த்தவர்களுக்கு இது வேறொன்றையும் நினைவூட்டும். அங்கே கனமான அடிக்கசடிலிருந்து தாரைப் பிரிக்க வேண்டுமென்றே திரவ புரொப்பேனைக் கலப்பார்கள். நல்ல எண்ணெய் மேலே, தார் கீழே. கேஸ் செலுத்துவதன் மூலம் அதே வேலையைப் பாறைக்குள் செய்துவிடுகிறோம். வித்தியாசம் என்னவென்றால், ஆலையில் தாரை வெளியே எடுக்க அடியில் ஒரு வால்வு இருக்கிறது.

ஓர் உதாரணக் கணக்கு சொல்கிறேன், எண்கள் நான் வைத்தவை. பாறையில் அழுத்தம் 400 பார், பிரிவுத் தொடக்கம் 320, குமிழி அழுத்தம் 200. இந்த வயலில் பாறைக்குள் ஆபத்தே இல்லை. 320க்குக் கீழே இறங்குவது கிணற்றுக்கு மிக அருகிலோ ட்யூபிங்கிலோதான். இப்போது கேஸ் கலந்ததும் குமிழி அழுத்தம் 280 ஆக ஏறுகிறது. பிரிவுத் தொடக்கம் அதைவிட வேகமாக ஏறி 450ஐத் தொடுகிறது. பாறையின் அழுத்தம் மாறவே இல்லை, அதே 400தான். ஆனால் இப்போது அந்த 400 பிரிவு நடக்கும் எல்லைக்குள் இருக்கிறது. ட்யூபிங்கில் கழுவிவிடக்கூடிய பிரச்சினை, கை எட்டாத பாறைக்குள் நகர்ந்துவிட்டது. பிரிவுத் தொடக்கம் எவ்வளவு வேகமாக ஏறும் என்பது கேஸைப் பொறுத்தது. ஒரே மோல் அளவுக்கு, அதாவது ஒரே எண்ணிக்கை மூலக்கூறுகளுக்கு, நைட்ரஜன்தான் மோசம், அடுத்தது மீத்தேன். கார்பன் டை ஆக்சைடு ஒரு குழப்பமான ஆள்: பெரும்பாலான சூடான வயல்களில் பிரிவைத் தூண்டுகிறது, வெப்பம் போதுமான அளவு குறைந்த சில எண்ணெய்களில் அதே வாயு அஸ்பால்டீனைக் கரைத்துவைக்க உதவவும் செய்கிறது. அதனால் பக்கத்து வயலில் பிரச்சினை வரவில்லை என்பது எந்தச் சமாதானமும் ஆகாது.

உண்மை எண் வேண்டுமென்றால் கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் உள்ள வெய்பர்ன் வயலைச் சொல்லலாம். வட டகோட்டாவின் பியூலாவில் நிலக்கரியிலிருந்து கேஸ் தயாரிக்கும் ஆலையின் கார்பன் டை ஆக்சைடு சுமார் 320 கிலோமீட்டர் குழாயில் வந்து 2000ஆம் ஆண்டு முதல் அங்கே செலுத்தப்படுகிறது. அதற்கு முன்பே ஆய்வகத்தில் அந்த வயலின் 3 எண்ணெய் மாதிரிகளைச் சோதித்திருந்தார்கள். 160 பார் அழுத்தம், 60 டிகிரியை ஒட்டிய வெப்பம். கார்பன் டை ஆக்சைடு 39 முதல் 46 மோல் சதவீதம் வரும்வரை பெரிதாக எதுவும் நடக்கவில்லை. அந்த எல்லையைத் தாண்டியதும் பிரியும் அஸ்பால்டீனின் அளவு கார்பன் டை ஆக்சைடு கூடக் கூட நேர்கோட்டில் ஏறியது. இந்த வாசல் மாதிரியான நடத்தைதான் களத்தில் பலரை ஏமாற்றுகிறது.

மிசிசிப்பியின் லிட்டில் கிரீக் வயலில் 1970களில் நடந்த கார்பன் டை ஆக்சைடு முன்னோட்டம் அதற்குச் சாட்சி. இயற்கை அழுத்தத்தில் உற்பத்தி செய்த காலத்திலும், தண்ணீர் செலுத்திய காலத்திலும் அங்கே அஸ்பால்டீன் என்ற பேச்சே இல்லை. கார்பன் டை ஆக்சைடு வந்ததும் உற்பத்திக் கிணறுகளின் குழாய்களில் தடித்த படிவு. "இத்தனை வருஷமா இல்லையே" என்பது இந்தத் தொழிலில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம். இத்தனை வருஷமும் வாசலுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தோம், அவ்வளவுதான்.

சரி, பாறைக்குள் பிரிந்தால் எவ்வளவு நஷ்டம்? இங்கேதான் அளவைவிட இடம் முக்கியம். கிணற்றின் ஆரம் 10 சென்டிமீட்டர் என்றும், 300 மீட்டர் சுற்றிலிருந்து எண்ணெய் வருகிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் வட்டமாகக் குவிந்து வருவதால் அழுத்த இழப்பு தூரத்தின் மடக்கையைப் பொறுத்தது. 300 மீட்டருக்கும் 10 சென்டிமீட்டருக்கும் உள்ள விகிதம் 3000. அதன் இயல் மடக்கை 8. கிணற்றை ஒட்டிய 1 மீட்டருக்கு மட்டும் விகிதம் 10, மடக்கை 2.3. அதாவது மொத்த இழப்பில் 29 சதவீதம் கடைசி ஒரு மீட்டருக்குள் நடக்கிறது. அந்த ஒரு மீட்டரில் மட்டும் அஸ்பால்டீன் படிந்து ஊடுருவுதிறன் (பாறை எண்ணெயை ஓடவிடும் திறன்) ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது என்றால், 2.3 என்பது 11.5 ஆகிறது, மொத்தம் 8 இருந்தது 17.2 ஆகிறது. உற்பத்தி பாதிக்கும் கீழே, 47 சதவீதத்துக்கு விழுகிறது. கெட்டுப்போன பாறையின் பரப்போ மொத்தத்தில் 90,000இல் ஒரு பங்கு. இதே படிவு கிணறுகளுக்கு நடுவே, 150 மீட்டர் தள்ளி, ஒரு மீட்டர் அகலத்துக்கு நடந்திருந்தால் யாருக்கும் தெரிந்தேயிருக்காது.

அதனால்தான், எத்தனை சதவீதம் அஸ்பால்டீன் பிரிந்தது என்று ஆய்வக அறிக்கையில் தடித்த எழுத்தில் போடுவதை நான் சந்தேகத்தோடு படிப்பேன். பிரிவது வேறு, படிவது வேறு. பிரிந்த துகள் எண்ணெயோடு மிதந்து வெளியே வந்துவிட்டால் நஷ்டமில்லை. செலுத்தும் கிணற்றின் பக்கமும், கேஸ் முன்னேறும் முனைக்குப் பின்னாலும் தங்கிவிட்டால் ஓரளவுதான் நஷ்டம். அந்த எண்ணெய் முன்னைவிட லேசாகி ஓடுகிறது என்ற சின்ன லாபம்கூட உண்டு. உற்பத்திக் கிணற்றின் வாயில் படிந்தால் மேலே பார்த்த கணக்குதான். செலுத்திய கேஸ் உற்பத்திக் கிணற்றுக்கு வந்து சேரும் மாதங்களில்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். அங்கே கேஸும் அதிகம், அழுத்த வீழ்ச்சியும் அதிகம், ஓட்டமும் அங்கேதான் குவிகிறது.

துளைகளின் அளவும் சேர்ந்துகொள்கிறது. நல்ல மணற்பாறையில் துளைகளை இணைக்கும் கழுத்து சில மைக்ரோமீட்டர் இருக்கும். இறுகிய சுண்ணாம்புப் பாறையில் ஒரு மைக்ரோமீட்டருக்கும் கீழே போகும். கழுத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுத் துகளே பாலம் கட்டி அடைத்துவிடும் என்பது பழைய கைக்கணக்கு. நானோமீட்டர் கொத்துகள் கழுத்தைத் தாண்டிவிடும். ஒன்றோடொன்று சேர்ந்து மைக்ரோமீட்டர் அளவானால் தாண்டாது. எனவே சேருவதற்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்பது முக்கியம். மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் இதை அழகாகக் காட்டினார்கள்: ஹெப்டேன் குறைவாகக் கலந்த எண்ணெயில் உடனே எதுவும் தெரியாது, ஆனால் விட்டுவைத்தால் வாரங்கள், மாதங்கள் கழித்துத் துகள்கள் தென்படும். ஆய்வகத்தில் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு நிலையான எண்ணெய் என்று எழுதுவது சுலபம். பாறைக்குள் எண்ணெய்க்கு அவசரம் இல்லை.

இன்னொரு பாதிப்பு அடைப்பே இல்லாமல் வருவது. அஸ்பால்டீன் களிமண்ணிலும் சுண்ணாம்பிலும் மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டால், தண்ணீரை விரும்பிய பாறை எண்ணெயை விரும்பும் பாறையாக மாறும். பிறகு தண்ணீரும் கேஸும் மாற்றி மாற்றிச் செலுத்தினால், தண்ணீர் சுலபமாக நழுவிப் போய்விடும், எண்ணெய் சுவரில் ஒட்டி நிற்கும்.

களத்தில் இதை எப்படி அடையாளம் காண்பது? கிணற்றுக்குள் ஒயர்லைன் என்ற கம்பியில் கட்டி இறக்கிய கருவி வழக்கமான ஆழத்துக்குப் போகாமல் தட்டி நிற்கும். மேலே இழுத்தால் அதன் மேல் பளபளப்பான கருப்புச் சில்லுகள் ஒட்டியிருக்கும். நான் வேலை கற்றுக்கொண்ட காலத்தில், ஒரு கிணற்றிலிருந்து வந்த அப்படியொரு சில்லைப் பார்த்ததும் மெழுகு என்று முடிவு கட்டி, சூடான எண்ணெய் ஊற்றினார்கள். இரண்டு நாள் கழித்து நிலைமை முன்னைவிட மோசம். மூத்தவர் ஒருவர் வந்து சில்லை மூன்றாக உடைத்தார். ஒன்றைச் சூடான தகட்டில் வைத்தார். மெழுகாக இருந்தால் உருகி வழிந்திருக்கும், இது அப்படியே கிடந்து புகைந்தது. இரண்டாவதை ஹெப்டேனில் போட்டார். திரவம் தெளிவாகவே இருந்தது. மூன்றாவதை டொலுவீனில் போட்டதும் காபி டிகாக்‌ஷன் மாதிரி பழுப்பு வழிந்து பரவியது. ஐந்து நிமிட வேலை. அஸ்பால்டீன் உருகாது, பல நூறு டிகிரியில் சிதையும். அதோடு, ஊற்றிய சூடான எண்ணெய் பாரஃபின் நிறைந்தது என்றால், எரிகிற வீட்டுக்கு நெய் ஊற்றிய கதைதான்.

அதே தவறு டீசலிலும் நடக்கிறது. கைக்குக் கிடைக்கிறது, விலை குறைவு என்று கிணற்றில் டீசல் இறக்குவார்கள். டீசலில் பெரும்பகுதி பாரஃபின்தான். வேண்டியது சைலீன் அல்லது டொலுவீன்: பாறைக்குள் செலுத்தி, சில மணி நேரம் ஊறவிட்டு, திரும்ப எடுக்க வேண்டும். தீப்பற்றும் சரக்கு, மூச்சுக்கும் கெடுதல், மலிவும் இல்லை. அப்புறம், கேஸ் தொடர்ந்து வந்துகொண்டிருந்தால் படிவும் தொடர்ந்து வரும். கழுவுவது ஒரு சுழற்சி வேலையாகிவிடும். ஆசிட் போட்டுப் பாறையைத் திறக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஹைட்ரோகுளோரிக் அமிலம் வழியில் குழாயின் துருவைக் கரைத்து இரும்பைச் சுமந்துகொண்டு போகும்; அமிலமும் அந்த இரும்பும் அஸ்பால்டீனும் சந்தித்தால் சேறு மாதிரி ஒரு கசடு உண்டாகும், அது சைலீனுக்கும் சுலபத்தில் மசியாது. படிவைத் தடுக்கும் ரசாயனங்கள் ட்யூபிங்கில் நன்றாக வேலை செய்கின்றன. பாறைக்குள் தள்ளினால் எத்தனை நாள் தங்கும் என்பது அந்தந்தப் பாறையின் குணம். என் அனுபவத்தில் செலவே இல்லாத மருந்து, ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் சோக் வால்வைக் கொஞ்சம் மூடி, கிணற்றடி அழுத்தத்தைப் பிரிவுத் தொடக்கத்துக்கு மேலே வைத்திருப்பது. தினசரி உற்பத்தி எண் குறையும் என்பதால் மேலாளர்களுக்குப் பிடிக்காது.

இதையெல்லாம் சொன்னதும் கேஸ் செலுத்துவதே தப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மேற்கு டெக்சாஸின் ஸ்கரி கவுண்டியில் உள்ள சாக்ரோக் பகுதியில் 1972 ஜனவரியில் கார்பன் டை ஆக்சைடு செலுத்தத் தொடங்கினார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தத் தொழில் அங்கே வளர்ந்திருக்கிறது. அபுதாபியில் 2016 முதல் எஃகு ஆலையின் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து ருமைதா, பாப் வயல்களுக்கு அனுப்புகிறார்கள்; ஆண்டுக்கு 8 லட்சம் டன் கொள்ளளவு. புகைபோக்கியில் போவதைப் பூமிக்குள் அனுப்பும் ஆசை கூடக் கூட, இந்தக் கேள்வி இன்னும் பல வயல்களில் எழும்.

எந்த வயலாக இருந்தாலும், கேஸ் செலுத்தும் முன் ஒரு வேலையைத் தள்ளிப்போடக் கூடாது: கிணற்றடியிலிருந்து எண்ணெய் மாதிரி எடுப்பது. சாதாரண பாட்டிலில் எடுத்தால் மேலே வரும் வழியில் அது குளிர்ந்து, அழுத்தம் இறங்கி, பாட்டிலுக்குள்ளேயே அஸ்பால்டீன் பிரிந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஆய்வகத்துக்குப் போய்ச் சேருவது ஏற்கனவே தார் நீங்கிய எண்ணெய். அதில் எந்தச் சோதனை செய்தாலும் பிரச்சினை இல்லை என்றுதான் வரும். நைட்ரஜன் அழுத்தம் பின்னாலிருந்து தாங்கிப் பிடிக்கும் பாட்டில் வேண்டும். அதையும் கேஸ் அந்தக் கிணற்றுக்கு வந்து சேருவதற்கு முன்பே எடுக்க வேண்டும். வந்த பிறகு அந்தப் பழைய எண்ணெய் அந்தக் கிணற்றில் மறுபடி கிடைக்காது.